சவரி அண்ணே, பிரெஞ்சுப் பாடம் நிற்கவில்லை

என் பிரியமுள்ள சவரி அண்ணே,

இன்று கல்லறைத் திருநாள். காலையிலிருந்து விடாத மழை. பிலோமினா மதினியும் உங்கள் மகள் ஜூலியும் நானும் இரண்டு குடைகளுக்குள் நெருக்கிக்கொண்டு உங்கள் கல்லறைக்கு வந்திருந்தோம். மெழுகுவர்த்தி நிற்கவே இல்லை. ஏற்ற ஏற்ற அணைந்தது. கடைசியில் மதினி, வூட்டில் போய் ஏற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, சாமந்தி மாலையைச் சிலுவையில் மாட்டிவிட்டுத் திரும்பினார்கள்.

எனக்கு என்னவோ சொல்ல வந்ததைச் சொல்லாமலே வந்துவிட்டது போல இருந்தது. நீங்கள் போய் இரண்டரை வருஷம் ஆகிறது. அழுதிருக்கிறேன், ஆனால் உங்களிடம் பேசியதில்லை. இன்று பேசிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். உங்களைப் பார்த்திராதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து டிப்ளமோ முடித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர் லேடீஸ் ஹாஸ்டலுக்கு வந்து சேர்ந்தவள். ஒரகடத்தில் கார்களுக்கு டேஷ்போர்டு செய்யும் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் வேலை. நீங்கள் எங்கள் கம்பெனி பஸ்ஸின் டிரைவர். கம்பெனியின் தலைமை ஆலை பிரான்சில் இருந்தது. 2012 தொடக்கத்தில் நோட்டீஸ் போர்டில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். ஒரு வருஷம் கழித்து பிரெஞ்சு மொழியில் வாய்மொழித் தேர்வு வைப்பார்களாம். அதில் தேறுகிறவர்களை மூன்று மாதப் பயிற்சிக்கு அங்கே அனுப்புவார்களாம். பிரெஞ்சு வகுப்புக்குச் சென்னைக்குத்தான் போக வேண்டும். வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறி, ஞாயிற்றுக்கிழமையும் ஓ.டி. பார்க்கிற எங்களுக்கு எந்த வகுப்பு ஒத்துவரும்?

பிரவுசிங் சென்டரில் தேடியபோது பாட்காஸ்ட் கிடைத்தது. பதினைந்து நிமிஷப் பாடங்கள். ஆங்கிலத்தில் விளக்கி, பிரெஞ்சில் சொல்லிக்காட்டுவார்கள். மெமரி கார்டில் ஏற்றிக்கொண்டு பஸ்ஸில் கேட்க ஆரம்பித்தேன். உங்கள் ஸ்பீக்கர் பாட்டில் ஒன்றும் காதில் ஏறவில்லை. ஒரு நாள் எழுந்து வந்து, சத்தத்தைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்டேன்.

"அப்டி இன்னாம்மா கேட்டுக்கினு வர்ற?" என்றீர்கள்.

பாட்காஸ்ட் என்றேன். "பாட்டுகாஸ்ட்டா? குடு, எல்லாரும் கேக்கட்டும்" என்று என் மெமரி கார்டை வாங்கி ஸ்பீக்கரில் போட்டுவிட்டீர்கள். பாட்டு வரும் என்று நினைத்திருக்கிறீர்கள். வந்ததோ ஒரு வெள்ளைக்காரப் பெண் நிதானமாக வணக்கம் சொல்கிற குரல். பாதி பஸ் கத்தியது. நீங்கள் சளைக்கவில்லை. பிள்ளைப்பாக்கம் வரைக்கும் பிரெஞ்சு, அதுக்கு அப்பால் பாட்டு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள். ஸ்டியரிங் உங்கள் கையில் இருந்தது. யார் என்ன செய்ய முடியும்?

நாலாம் நாள் என்னைக் கூப்பிட்டு, இங்கிலீஷில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தால் உங்களுக்கு இரண்டும் புரியவில்லை என்றீர்கள். "நீ அத்தக் கேட்டுட்டு தமிழ்ல சொல்லு. நான் உன்னக் கேட்டுக்கறேன்." இப்படித்தான் நம் பாட்காஸ்ட் பிறந்தது. அதைத் தொடங்கியது நான் என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். நான் திருத்தாமல் இருந்ததில்லை, அண்ணே. யார் கேட்டாலும் உங்கள் பெயரைச் சொல்லிவிடுகிறேன்.

ஹாஸ்டல் அறையில் ஆறு பேர். அங்கே பதிவு செய்ய வழியில்லை. கம்பெனி கேட்டுக்கு எதிரே டிரைவர்கள் வண்டியை நிறுத்திவைக்கும் மைதானம்தான் நமக்குக் கிடைத்தது. அரை மணிச் சாப்பாட்டு இடைவேளையில், பத்து நிமிஷத்தில் சாப்பிட்டுவிட்டு ஓடி வந்தால் மிச்சம் இருபது நிமிஷம். நீங்கள் எல்லா ஜன்னல் கண்ணாடிகளையும் இழுத்து மூடுவீர்கள். நான் இன்ஜின் பெட்டி மேல் உட்கார்ந்துகொள்வேன். செல்போனைக் கைக்குட்டையில் சுற்றி நடுவில் வைப்போம். பஸ் அடுப்பு மாதிரி கொதிக்கும். ஒரு பாடம் முடிய மூன்று நாள் மத்தியானம் பிடிக்கும்.

நான் மட்டும் பேசுவதாகத்தான் திட்டம். முதல் பாடத்திலேயே நீங்கள் குறுக்கே புகுந்தீர்கள். பிரெஞ்சில் உயிரில்லாத பொருளுக்கும் ஆண், பெண் உண்டு, கார் பெண், பஸ் ஆண் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். "அப்ப இம்மா வருஷமா நான் ஓட்டிக்கினு கீறது ஆம்பளயா?" என்று கேட்டுவிட்டீர்கள். அந்தத் துண்டை வெட்டிவிடலாம் என்றிருந்தேன். வெட்டத் தெரியாததால் அப்படியே விட்டேன். மறுநாள் பஸ்ஸில் எல்லோரும் அந்த இடத்தைத்தான் மறுபடி போடச் சொன்னார்கள். அதன் பிறகு நீங்கள் கேட்பதும் நான் சொல்வதுமாகவே பாடம் நடந்தது. நான் மறைக்கப் பார்க்கிற இடத்தில்தான் உங்கள் கேள்வி வந்து நிற்கும்.

'நீங்கள்' என்பதற்கு பிரெஞ்சில் 'வூ'. அது உங்களுக்குப் பிறந்தபோதே தெரியும், வூடு என்பதில் பாதிதானே என்றீர்கள். வீடு என்று சொல்லிப் பழகிய எங்கள் தெற்கத்திக்காரர்களுக்குத்தான் சிரமம். 'நீ' என்பதற்கு 'த்யூ'. உதட்டை 'ஊ' என்று குவித்துக்கொண்டு வாய்க்குள் 'ஈ' சொல்ல வேண்டும். ஐம்பது பேர் உதட்டைக் குவித்துக்கொண்டு பிள்ளைப்பாக்கம் சிக்னலில் நின்றிருந்த அந்தக் காலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பக்கத்து லாரிக்காரர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். பாடங்கள் ப்ளூடூத்தில் செல்போனுக்குச் செல்போன் தாவி, மற்ற பஸ்களுக்கும் போயின.

தேர்வுக்குப் போகிறவர்கள் நாங்கள். உங்களுக்கு எதற்கு இது என்று ஒரு நாள் கேட்டேன். ஒரகடத்து வெளிநாட்டு ஆபீசர்களின் காரை ஓட்டுகிற வேலை கிடைத்தால் ஷிஃப்ட் கிடையாது, ராத்திரிச் சோற்றுக்கு வீட்டுக்குப் போய்விடலாம், ஜூலி தூங்குவதற்கு முன் அவளைப் பார்க்கலாம் என்றீர்கள். உங்கள் பஸ்ஸின் சொந்தக்காரரான டிராவல்ஸ் முதலாளியிடம் கேட்டிருக்கிறீர்கள். இங்கிலீஷ் தெரியுமா என்றாராம். பிரெஞ்சு தெரியும் என்றீர்களாம். சிரித்துவிட்டாராம். அதைச் சொல்லும்போது நீங்களும் சிரித்தீர்கள். மறுநாள் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகக் கண்ணாடிகளை மூடிவைத்திருந்தீர்கள்.

அந்தக் கண்ணாடிகள்தான் பேச்சைக் கிளப்பின. கல்யாணமான டிரைவர், கல்யாணமாகாத பெண், மூடிய பஸ். வேறென்ன வேண்டும்? கம்பெனியில் அசெம்பிளி லைன் பக்கம் நான் நடந்தால் பேச்சு நின்றது. ஹாஸ்டல் வார்டன் அம்மா என் அப்பாவின் போன் நம்பரைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ் உங்களைக் கூப்பிட்டு, ரூட்டை மாற்றிவிடுவேன் என்று எச்சரித்தார். நிறுத்திவிடலாம் என்றேன். தப்பு செய்கிறவன்தான் நிறுத்தணும் என்று சொல்லிவிட்டு அடுத்த கண்ணாடியை இழுத்தீர்கள்.

பதினேழாவது பாடத்தின்போது பஸ் கதவை யாரோ தட்டினார்கள். நீங்கள் திறந்தீர்கள். கீழே மதினி நின்றிருந்தார்கள். யாரோ போன் செய்து சொல்லியிருக்கிறார்கள். ஷேர் ஆட்டோ பிடித்து நேரே வந்துவிட்டார்கள். அன்றுவரை நான் அவர்களைப் பார்த்ததில்லை. ஆனாலும் யார் என்று தெரிந்துவிட்டது.

நீங்கள் பதறவே இல்லை. "ஏறு. சத்தம் போடாத, ரெக்கார்டிங் ஓடுது" என்றீர்கள். மதினி இரண்டாவது சீட்டில் உட்கார்ந்தார்கள். காய்கறிக் கடையில் பேசுவது எப்படி என்பது அன்றைய பாடம். என் குரல் நடுங்குவதை இப்போது கேட்டாலும் தெரியும். நீங்களோ தக்காளி ஆணா பெண்ணா என்று வழக்கம்போலக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். முடிந்ததும் மதினி முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள்.

"இதுக்கா ஜன்னல மூடிக்கினு ரெண்டு பேரும் வேர்த்து ஊத்தறீங்க?"

வெளியே லாரி சத்தம் என்றீர்கள். மதினி என்னை ரொம்ப நேரம் பார்த்தார்கள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார்கள். ஊரில் அம்மா இருக்கிறார்களா என்று கேட்டார்கள். பிறகு இறங்கப் போனவர்கள் படியில் நின்று சொன்னார்கள்:

"நாளையிலேர்ந்தும் மூடிக்கோங்க. எவனாச்சும் கேட்டா, அவரு பொண்டாட்டிதான் மூடச் சொல்லிச்சுன்னு சொல்லு."

அதோடு விடவில்லை. நேரே கேட்டுக்குப் போய், டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜை வெளியே வரவழைத்து அதையே சொல்லிவிட்டுப் போனார்கள் என்று செக்யூரிட்டி சொன்னார். அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை, எங்கள் எதிரிலாவது. அன்று அவர்கள் ஒரே ஒரு வார்த்தை தப்பாகப் பேசியிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன், அண்ணே? சாத்தூருக்கு பஸ் ஏறியிருப்பேன். இந்தப் பக்கம் திரும்பியிருக்க மாட்டேன்.

நம் பஸ்ஸிலிருந்து தேர்வுக்குப் போன ஆறு பேரில் நாலு பேர் தேறினோம். அந்த வாரம் நீங்கள் பிள்ளைப்பாக்கம் தாண்டியும் பாட்டுப் போட மறந்துவிட்டீர்கள். 2013 மார்ச்சில் நான் பிரான்சுக்குப் போனேன். அப்போது நாற்பத்தொரு பாடங்கள் முடிந்திருந்தன. வந்ததும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

அங்கே முதல் வாரம் எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. பாட்காஸ்டில் பேசியவர்கள் நமக்காக நிறுத்தி நிறுத்திப் பேசியவர்கள். ஆலையில் யார் நமக்காக நிறுத்துவார்கள்? அழுகையாக வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குப் போன் செய்தேன்.

"'எனக்குத் தெரியாது'ங்கிறதுக்கு 'ஜு ந சே பா'ன்னு படிச்சோம்லண்ணே. இங்க ஒருத்தரும் அப்படிச் சொல்லல. 'ஷே பா'ன்னு பாதிய முழுங்கிர்றாங்க" என்றேன்.

நீங்கள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. "அப்ப அவங்களுக்கும் நம்ப மெட்ராஸ் பாஷ மாதிரி ஒண்ணு கீதுன்னு சொல்லு. வந்ததும் மொதல்ல அத்தச் சொல்லிக் குடு."

டிராவல்ஸ் முதலாளி ஒரு நாள் ஆள் கிடைக்காமல் உங்களை அனுப்பியதையும் அன்றுதான் சொன்னீர்கள். இரண்டு பிரெஞ்சு ஆபீசர்களை ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறீர்கள். வழியெல்லாம் பேசிக்கொண்டே போனீர்களாம். அடுத்த இடம் காலியானால் உனக்குத்தான் என்று முதலாளியே சொல்லிவிட்டாராம். என்னைவிட நீங்கள் நன்றாகப் பேசியிருப்பீர்கள். தப்பு வந்துவிடுமோ என்கிற பயம் உங்களுக்குக் கிடையாது.

அதுதான் நாம் கடைசியாகப் பேசியது.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நெஞ்சு வலித்திருக்கிறது. கேஸ் என்று சோடா குடித்துவிட்டுப் படுத்திருக்கிறீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே முடிந்துவிட்டது. மறுநாள் ஹாஸ்டல் தோழி எனக்குப் போன் செய்தபோது நான் கேன்டீனில் தட்டோடு நின்றிருந்தேன். பக்கத்தில் நின்ற பெண்மணி என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன ஆயிற்று என்று கேட்டார். செத்துப்போய்விட்டார் என்பதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. நாற்பத்தொரு பாடத்தில் நாம் அந்தச் சொல்லை வைக்கவில்லை.

திரும்பி வந்ததும் ஒரு தடவை உங்கள் வீட்டுக்குப் போனேன். உறவுக்காரர்களுக்கு நடுவே பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வந்துவிட்டேன். அப்புறம் போகவில்லை. நான் அடிக்கடி போனால் பழைய பேச்சு மறுபடி கிளம்பி மதினியைச் சுடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது பாதி நிஜம். மிச்சம் பாதி, அவர்கள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. நாற்பத்திரண்டாவது பாடத்தைத் தனியாக மூன்று தடவை பதிவு செய்தேன். யாரும் கேட்காத கேள்விகளுக்கு நானே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றையும் அழித்துவிட்டேன்.

எட்டு மாதம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஹாஸ்டல் கேட்டில் மதினி வந்து நின்றார்கள். கையில் உங்கள் செல்போன். அதற்குள் அவர்கள் ஒரகடத்தில் கார் சீட்டுக்கு உறை தைக்கும் யூனிட்டில் வேலைக்குச் சேர்ந்திருந்தார்கள். ஏன் வரவில்லை என்று என்னைக் கேட்கவில்லை. ஷேர் ஆட்டோவில் போகும்போதும் வரும்போதும் நாற்பத்தொரு பாடத்தையும் கேட்டு முடித்துவிட்டதாகச் சொன்னார்கள்.

"இருபத்தி மூணாவது பாடத்துல அவரு ஒண்ணு கேட்டாரு. நீ அப்பறம் சொல்றேன்னுட்ட. அதுக்கப்பால பதினெட்டு பாடம் போயிடுச்சி. நீ சொல்லவே இல்ல."

எனக்கு நினைவில்லை. கேட்டிலேயே நின்று அந்த இடத்தைப் போட்டுக் காட்டினார்கள். உங்கள் குரல், அண்ணே. "த்யூன்னா நீ, வூன்னா நீங்க, சரி. எங்க வூட்ல நான் பிலோவ நீன்றேன், அது என்னிய நீங்கன்னுது. பிரெஞ்சுக்காரன் வூட்ல எப்டி? பொண்டாட்டி புருஷன இன்னான்னு கூப்டும்?" உடனே என் குரல், அதைப் பொறவு சொல்றேன்ணே என்று அவசரமாகத் தாண்டிப்போகிறது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அன்று பதில் தெரியாது. நான் கேட்ட பாட்காஸ்டில் அது இல்லை. தெரியாது என்று ஒப்புக்கொள்ள வெட்கம். பிறகு அந்த ஊரில் மூன்று மாதம் இருந்து வந்ததில் தெரிந்தது. மதினியிடம் அதைச் சொன்னேன்.

"ரெண்டு பேருமே 'த்யூ'தான் மதினி. புருஷன் பொண்டாட்டிக்குள்ள நீ, நீதான்."

மதினி போனில் பாடத்தை நிறுத்தினார்கள். பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு எப்படிச் சொல்வது என்றார்கள். 'த்யூ ஆ மான்ஜே?' என்றேன். உதட்டைக் குவிக்கச் சொன்னேன். மூன்று தடவை தப்பாக வந்தது. நாலாவது தடவை சரியாக வந்தது. அதைச் சொல்லும்போது அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்துச் சொன்னார்கள். மறுபடி ஒரு தடவை, மெதுவாக. நானும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு போனை முந்தானையில் துடைத்தார்கள். "இத்த ரெக்கார்டு பண்ணு. அவரு கேட்டாரு இல்ல, பதில் போவணும்."

ஹாஸ்டல் விருந்தினர் அறையில் அன்றே நாற்பத்திரண்டாவது பாடத்தைப் பதிவு செய்தோம். முதலில் உங்கள் கேள்வி. அடுத்து, எனக்கு அப்போது தெரியாமல்தான் மழுப்பினேன் என்று நான் ஒப்புக்கொண்டது. அதன் பிறகு பதில். கேட்கிற இடத்தில் மதினி உட்கார்ந்தார்கள். நீங்கள் சிரித்துக்கொண்டு கேட்பீர்கள். அவர்கள் சண்டைக்கு வருகிற மாதிரி கேட்பார்கள். எழுத்து இருக்கிறது, சத்தம் ஏன் இல்லை, வேலை செய்யாத எழுத்தைப் பிரெஞ்சுக்காரன் எதற்கு வைத்திருக்கிறான் என்று அரை மணி நேரம் என்னை விடவில்லை. இப்போது அறுபத்தெட்டு பாடம் ஆகியிருக்கிறது. ப்ளூடூத் போய் வாட்ஸ்அப் வந்துவிட்டது. இணையத்திலும் ஏற்றியிருக்கிறோம். 'ஷே பா' நாற்பத்து நாலாவது பாடம். செத்துப்போவதற்கான சொல் ஐம்பதாவதில் வருகிறது. அதை மதினிதான் வைக்கச் சொன்னார்கள். எல்லோருக்கும் ஒரு நாள் தேவைப்படும் என்றார்கள்.

இந்த ஆடியில் சென்னையிலிருந்து ஒரு நிறுவனத்தார் பேசினார்கள். பாடங்களைத் தங்கள் செயலியில் போட்டுக்கொள்கிறோம், ஊரெல்லாம் போய்ச் சேரும் என்றார்கள். ஒரே ஒரு நிபந்தனை. முதல் நாற்பத்தொரு பாடங்களை நல்ல தமிழில் மறுபடி பதிவு செய்ய வேண்டும், அந்த டிரைவர் குரல் வேண்டாம். உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். மூன்று நாள் யோசித்தேன். ஆசையாக இருந்தது. பிறகு மதினியிடம் சொன்னேன்.

மதினிக்குக் கோபமே வரவில்லை. "அவரு பேசறது புரியலயாமா?" என்று கேட்டார்கள்.

"புரியுதாம் மதினி. நல்லாயில்லையாம்."

"புரியுதுல்ல. அப்ப வுட்டுடு."

போட்டால் எல்லாப் பாடங்களையும் உள்ளபடியே போடுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம் என்று எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. வராவிட்டால் போகட்டும். நாங்களே கொண்டுபோய்ச் சேர்ப்போம்.

இப்போது முக்கியமான சேதி. டிசம்பரில் சென்னையில் நடக்கிற பிரெஞ்சு முதல் நிலைத் தேர்வுக்கு மதினி பணம் கட்டிவிட்டார்கள். அவர்கள் யூனிட்டில் தைக்கிற பெண்கள் சந்தேகம் கேட்கிறார்களாம். சொல்லிக்கொடுக்கிற நீ யார் என்று எவராவது கேட்டால் காட்ட ஒரு பேப்பர் வேண்டும் என்கிறார்கள். அவர்கள் கற்றது எல்லாம் காதால் கற்றது. எழுதுவதுதான் பாடாய்ப் படுத்துகிறது. மூன்று மாதமாக ஞாயிறுதோறும் ஜூலியின் பழைய நோட்டில் எழுதி எழுதி அடிக்கிறார்கள். விரலில் ஊசி குத்தாத இடமாகப் பார்த்துப் பேனாவைப் பிடிக்கிறார்கள். போன வாரம் ஒரு பக்கம் முழுக்க ஏழே ஏழு தப்பு. அதற்கு முந்தின வாரம் எண்ணவே முடியவில்லை.

மழை விட்டபாடில்லை. செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி வருகிறது என்கிறார்கள். ரோடு என்ன ஆகுமோ தெரியாது. தேர்வு அன்றைக்கு எனக்கு மத்தியான பி ஷிஃப்ட். மாற்றிக் கேட்டு வாங்கிவிட்டேன். காலையிலேயே மதினியைக் கூட்டிக்கொண்டு கிளம்புவேன். பஸ் ஓடாவிட்டால் கிடைக்கிற வண்டியில் போவோம். தேர்வு தள்ளிப்போனால் தள்ளிப்போன தேதிக்குப் போவோம். தேறாவிட்டால் மறுபடி எழுதுவோம், அதிலும் தேறாவிட்டால் அதற்கு மறுபடி. தேர்வுக்குள் எழுபது பாடம் முடிந்துவிடும், எழுபத்தொன்றாவது பாடத்திலிருந்து மதினிதான் சொல்லிக்கொடுப்பார்கள். கேட்கிற இடத்தில் நான் உட்காருவேன். இதை உங்களுக்கு வாக்காகத் தருகிறேன், அண்ணே.

மதினியின் நாத்தனாரும்,
உங்கள் கூடப் பிறக்காத தங்கச்சியுமான
மாரீஸ்வரி